குழித்துறை நீதிமன்றம் எங்கள் மாத இதழுக்குத் தடை உத்தரவு போட்ட பிறகு, கொலை வழக்கைப் பற்றி எதுவுமே எழுதக் கூடாதா?

அப்படி இல்லை. அந்தத் தடை எதைச் சொல்கிறதோ அதைத்தான் உங்கள் இதழ் நிறுத்த வேண்டும். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை, உத்தரவு அதையும் தடுக்காவிட்டால், உள்ளது உள்ளபடி எழுதலாம். 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதற்குத் துணை நிற்கிறது.

பிரச்சினை, குற்றம் சாட்டப்பட்டவர் போலீசாரிடம் ஒப்புக்கொண்டதாக உங்கள் இதழில் வந்த ‘ஒப்புதல் வாக்குமூலம்’ பெட்டிச் செய்தியாகத்தான் இருக்கும். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் அவருக்கு எதிரான சாட்சியமாகச் செல்லாது. அதை மார்த்தாண்டம் சந்தை முழுக்கப் படித்துவிட்டால், நாளை கூண்டில் ஏறும் சாட்சி கண்டதைச் சொல்வாரா, படித்ததைச் சொல்வாரா? குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பு வரவில்லை.

முதலில் உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கடைசிப் பத்தியைப் பாருங்கள்: எந்தச் செய்தி, எந்தத் தேதி வரை? உங்களைக் கேட்காமல் கொடுத்த தடை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39, விதி 3ஏ படி அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும். விதி 4இன் கீழ் தடையை நீக்கவும் கேட்கலாம். 2012 சகாரா வழக்கை வக்கீல் எடுத்துக்காட்டட்டும்: நியாயமான விசாரணைக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால்தான், அதுவும் குறுகிய காலத்துக்கு மட்டும், வெளியீட்டைத் தள்ளிவைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

அப்புறம், தடை தப்பு என்று தோன்றினாலும் நீங்கும்வரை மீறாதீர்கள். ஏற்கெனவே அச்சான பக்கத்தை வாட்ஸ்அப்பில் பகிர்வதுகூட மீறலாகலாம். மீறினால் சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை உண்டு.