2,500 மலேசிய வெள்ளிக்குள் பழைய ஃபுல் ஃபிரேம் கேமரா: எந்த பாடி, எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்ட தம்பி சொன்னதன் சுருக்கம்: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். கையில் கேனன் கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சிறியது) கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் உண்டு. கோயில் திருவிழா, பரிசம், காதுகுத்து என்று சொந்தபந்தம் கூப்பிடுகிறது. ராத்திரிப் படங்கள் மட்டும் மணல் தூவினாற்போல் வருகின்றன. சேர்த்து வைத்த காசு 2,500 வெள்ளி. பழைய ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, எதை எடுக்கலாம்?

தம்பி, நானும் சுங்கை சிப்புட்தான். வாரநாளில் செம்பனை ஆலையில் வேலை, சனி ஞாயிறு கேமரா. அதனால் நீங்கள் நிற்கும் இடமும் அங்கே இருக்கும் வெளிச்சமும் எனக்குத் தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல நிலையில் இருக்கும் ஒரு கேனன் 6டி எடுங்கள். பாடிக்கு 1,500 வெள்ளிக்கு மேல் போகாதீர்கள். மீதி ஆயிரத்தைத் தொடாமல் வையுங்கள். அந்த ஆயிரம்தான் உங்கள் ராத்திரிப் படத்தை மாற்றப் போகிறது.

எப்படி என்று கேட்டால், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியை வைத்தே சொல்கிறேன். பூக்குழியில் இறங்கும்போது மணி ஏழரை தாண்டிவிடும். மண்டபக் கூரையில் நாலு குழல்விளக்கு, கீழே தணல், சுற்றி நிற்பவர்களின் கைப்பேசி வெளிச்சம், அவ்வளவுதான். கரகம் எடுத்தவர் நடக்கமாட்டார், ஓடுவார். ஷட்டர் (வெளிச்சத்தைத் திறந்து மூடும் திரை) வேகம் 1/250 நொடிக்குக் கீழே போனால் பாதம் கலங்கிவிடும். உங்கள் 18-55 லென்ஸை 55இல் வைத்தால் துவாரம் எஃப்5.6தான். எஃப் எண் சிறியதானால் துவாரம் பெரியது. எஃப்1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், உங்களுடையது ஏறக்குறைய 22க்கு 15. பரப்பைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேம் 2.6 மடங்கு பெரியது. லென்ஸ் தருவது பத்து மடங்கு, பாடி தருவது இரண்டரை மடங்கு. காசை எங்கே முதலில் போடவேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

அதனால் பாடியைத் தேடுவதற்கு முன்னால் கேனன் 50 மி.மீ. எஃப்1.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்கிவிடுங்கள். 2015இல் வந்தது. பழையது நான் 350 வெள்ளிக்கு எடுத்தேன். உங்கள் இப்போதைய கேமராவில் அது 80 மி.மீ. லென்ஸ்போல் நிற்கும், முகம் எடுக்க அருமை. அதை வைத்து ஒரு திருவிழா முழுக்க எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் பாடிக்குப் போகலாம். அந்த லென்ஸ் ஃபுல் ஃபிரேமிலும் அப்படியே பொருந்தும், போட்ட காசு வீணாகாது.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் 18-55, ஈஎஃப்-எஸ் வகை, கிராப் சென்சாருக்கென்றே செய்தது. அது கேனன் ஃபுல் ஃபிரேம் பாடியில் பூட்டவே பூட்டாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்து முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பழைய கேமராவை விற்றுவிடாதீர்கள். லயத்து வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேரை நிற்கவைத்துக் குடும்பப் படம் எடுக்க 50 மி.மீ. போதாது, பின்னால் சுவர் இடிக்கும். அந்த இடத்துக்கு 18-55ஐ 18இல் வைத்து, மேலே மாட்டும் தனி ஃபிளாஷைக் கூரையில் அடித்து எடுங்கள். தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. விற்றால் கிடைக்கும் முந்நூறு நானூறு வெள்ளியைவிட இரண்டாவது கேமராவாக அது பெரிதும் உதவும்.

இப்போது 6டிக்கு வருவோம். 2012இல் வந்தது, 20.2 மெகாபிக்சல். ஃபோக்கஸ் புள்ளி பதினொன்றுதான், அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்குவகை (நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு இரண்டையும் பிடிப்பது). காகிதத்தில் பார்த்தால் ஏழை. ஆனால் அந்த நடுப்புள்ளி மைனஸ் 3 ஈவி (வெளிச்ச அளவு) வரை, அதாவது நிலா வெளிச்சம் வரை, பிடிக்கும். அதே வருஷம் வந்த 5டி மார்க் III-க்கு 61 புள்ளி, விலையும் பெரிது, ஆனால் இருட்டில் அது மைனஸ் 2 வரைதான். கோயிலில் நான் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணில் பிடித்து, பட்டனை விடாமல் சட்டத்தை நகர்த்தி எடுக்கிறேன். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குப் போகும் காவடிகளை விடியுமுன் எடுத்ததெல்லாம் அப்படித்தான். ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400இல் எடுத்து ஏ3 அளவுக்கு அச்சடித்து ஒரு பாட்டிக்குக் கொடுத்தேன். வேல் குத்திய மகனின் நெற்றியில் வியர்வையோடு கரைந்த விபூதிக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மா விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

குறையும் சொல்லவேண்டும். வினாடிக்கு நாலரைப் படம்தான். வீடியோவில் நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோக்கஸ் செய்யாது, வீடியோதான் முக்கியம் என்றால் இதை வாங்காதீர்கள். கார்டு இடமும் ஒன்றே ஒன்று. காசு வாங்கி எடுக்கும் கல்யாணத்தில் இதற்காகவே நாலு சின்ன கார்டு வைத்திருக்கிறேன். நலங்கு முடிந்ததும் ஒன்று மாற்றுவேன், தாலி கட்டியதும் ஒன்று மாற்றுவேன். எழுதி முடித்த கார்டு சட்டைப் பைக்குப் போகும், கேமராப் பைக்கு அல்ல.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. கேனன் 5டி மார்க் II, 2008. படம் இன்றும் அழகு, ஆனால் ஒன்பது புள்ளி ஃபோக்கஸ் இருட்டில் திணறும். அதற்கும் முந்திய 2005 மாடல் 5டியில் உள்ளே கண்ணாடி கழன்று விழும் கோளாறு தெரிந்த விஷயம், கேனனே ஒரு காலத்தில் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. நிக்கான் லென்ஸ் உள்ளவர்களுக்கு டி610. அதன் முந்திய டி600இல் சென்சாரில் எண்ணெய்த்துளியும் தூசியும் தெறிக்கும் சிக்கல் இருந்தது, 2014இல் நிக்கான் இலவசமாக ஷட்டர் மாற்றித் தருவதாக அறிவித்தது. மாற்றிய ரசீது காட்டினால் டி600-ம் மோசமில்லை. டி750 (2014) இவை எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் எண்ணம். அதுவும் மைனஸ் 3 ஈவி, கார்டு இடம் இரண்டு. ஆனால் உங்களிடம் இருப்பது கேனன், முதலில் வாங்கச் சொன்ன லென்ஸும் கேனன். சோனி ஏ7, ஏ7 II பாடி மலிவாகக் கிடைக்கும். ஒரு பேட்டரிக்கு 350 படம்கூடத் தாண்டுவது கஷ்டம், அதற்கான ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வாங்கப் போனால் பட்ஜெட் முடிந்தது. 6டி ஒரு பேட்டரியில் ஆயிரம் படத்தைத் தாண்டும். கரண்டு இல்லாத கோயில் திடலில் அது பெரிய நிம்மதி.

ஆனால் தம்பி, எந்த மாடல் என்பதைவிட, கையில் வாங்கும் அந்த ஒரு கேமரா எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். என் முதல் ஃபுல் ஃபிரேமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எண்ணெய் நிலைய வாசலில் வாங்கினேன். விற்றவர் அவசரத்தில் இருந்தார், நானும் ஆசையில் இருந்தேன். நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் ஒரு பரிசத்தில், தட்டு மாற்றும் நேரம், ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. திரையில் பிழை எண் மட்டும் மின்னியது. பெண்ணின் அப்பா தட்டை நீட்டியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். மிச்சத்தைக் கைப்பேசியில் எடுத்தேன். பழுது பார்ப்பவர் அடித்தகட்டைத் திறந்தபோது உள்ளே பச்சை பிடித்திருந்தது, எப்போதோ தண்ணீர் குடித்த கேமரா. அந்தக் குடும்பத்துக்கு அந்த நாள் திரும்பி வராது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால் 6டி வாங்கும்போது பகலில், ஒட்டுக்கடை மேசையில்தான் உட்கார்ந்தேன். என் லென்ஸ், என் கார்டு, சின்ன டார்ச், ஒரு வெள்ளைத்தாள், மடிக்கணினி, யுஎஸ்பி கம்பி எல்லாம் கொண்டுபோனேன். விற்க வந்தவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அரைமணி நேரம் ஆகும் அண்ணே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். நல்ல பொருள் வைத்திருப்பவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

முதலில் முகர்ந்து பார்த்தேன். ஈரத்துணி வாடை அடித்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பிறகு அடிப்பக்கத் திருகாணிகள்: தலை சிராய்த்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடியின் ஓரம், அது மோதும் பஞ்சு, லென்ஸ் தொடும் தங்கநிறப் புள்ளிகள். பச்சையோ கருப்போ படிந்திருக்கக் கூடாது.

அடுத்து ஷட்டர். வெள்ளைத்தாளை வெயிலில் வைத்து 1/4000இல் பத்துப் படம். ஒரு ஓரம் மட்டும் கருத்து வந்தால் ஷட்டர் திரை களைத்துவிட்டது. பிறகு துவாரத்தை எஃப்16க்குச் சுருக்கி, ஃபோக்கஸைக் கலைத்துவிட்டு, அதே தாளை எடுத்துத் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்தினேன். வட்டமான சாம்பல் புள்ளி என்றால் தூசி, துடைத்தால் போகும். சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை, விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டு 30 நொடி ஒரு படம். இரண்டு மூன்று சிவப்பு, நீலப் புள்ளி எந்தப் பழைய சென்சாரிலும் இருக்கும். கொத்தாக இருந்தால்தான் பயப்படவேண்டும். கடைசியாக நாளிதழைச் சாய்வாக வைத்து ஒரு வரியில் ஃபோக்கஸ் பிடித்து, எந்த வரி கூர்மையாக வருகிறது என்று பார்த்தேன். கொஞ்சம் முன்பின் இருந்தால் 6டியின் மெனுவிலேயே திருத்திக்கொள்ளலாம்.

ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதை நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவிடும். 6டி எழுதாது. கணினியில் மாட்டி அதற்கான மென்பொருளில்தான் பார்க்கவேண்டும், கம்பி கொண்டுபோனது அதற்குத்தான். எனக்குக் கிடைத்தது 38,000. 6டியின் ஷட்டரை ஒரு லட்சம் முறைக்கும், 5டி மார்க் III, டி610, டி750 ஆகியவற்றை ஒன்றரை லட்சம் முறைக்கும் சோதித்திருக்கிறார்கள். அந்த எண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுப்பவர் கையில் இருந்த கேமரா எண்பதாயிரம் என்று காட்டினால், ஷட்டர் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். எனக்கு 1,450 வெள்ளியில் முடிந்தது.

வாங்கியபின் நம் ஊர்க் காற்றிலிருந்து அதைக் காப்பாற்றவேண்டும். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் வீடுகளில் இருக்கிறோம். கேமராப் பையில் பூட்டி அலமாரியில் வைத்தால் சில மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். மின்சார உலர்பெட்டி வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா பெரிதாக ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். எனக்கு நூறு வெள்ளிக்குள் முடிந்தது. மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவே நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடுகாட்டி உலர்த்துங்கள், சமைக்கும் சட்டியில் மட்டும் வேண்டாம், அந்த நீலம் நஞ்சு.

எங்கே வாங்குவது என்றால், கோலாலம்பூர் போகமுடிந்தால் புடு பிளாசாவில் பழைய கேமராக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்கலாம், உத்தரவாதம் எத்தனை நாள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். முகநூலிலோ முடா (Mudah) விளம்பரத் தளத்திலோ பார்த்தால் நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள், ஐம்பது வெள்ளிகூட.

இன்னொன்று. 6டி மெனுவில் காப்புரிமைப் பகுதியில் எடுப்பவர் பெயர் என்று ஒரு இடம் உண்டு. வாங்கும் மேசையிலேயே அதைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு பெயர் இருந்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் அது யார் என்று சொல்லத் தடுமாறினால் கேமராவை வைத்துவிட்டு வாருங்கள். சரியாகச் சொன்னால், காசு கொடுத்த கையோடு அதை அழித்து உங்கள் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அவர் பெயர்தான் போய்க்கொண்டிருக்கும்.