தட்டணு நார்மல்தானே, மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பி.பி. உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் வலது கையும் காலும் மரத்துப்போய், பேச்சு குழறியது. பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பில்லை, மூளையின் உள்ளே சின்னப் புள்ளிபோலப் பாதிப்பு, சிறு பக்கவாதம் என்றார்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தந்து, 21 நாளில் குளோபிடோக்ரெலை நிறுத்தினார்கள். இப்போது தட்டணு (பிளேட்லெட்) 2.3 லட்சம், நார்மல். “அதான் சரியா இருக்கே” என்று ஆஸ்பிரினையும் அப்பா விட்டுப் பத்து நாளாகிறது. தம்பியோ இரண்டு மாத்திரையையும் மறுபடி கொடுக்கலாம் என்கிறான். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அப்பாவின் டாக்டரிடம் இன்றைக்கே பேசுங்கள். மலம் கறுப்பாகப் போவது, வயிற்றுப்புண் போன்ற தொந்தரவு இல்லையென்றால் ஆஸ்பிரினை உடனே தொடரத்தான் பெரும்பாலும் சொல்வார். நீங்கள் எழுதிய ‘பத்து நாள்’தான் என்னைப் பதறவைத்தது.

டெங்கு வந்தாலும் வந்தது, தட்டணு என்றாலே எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம். ஆஸ்பிரின் எண்ணிக்கையைக் குறைக்கிற மாத்திரை அல்ல. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்குத் துணைபோகும் ஒரு நொதியை அது முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. முடங்கிய நொதிக்குப் பதில் வேறொன்றை அதனால் செய்துகொள்ள முடியாது. தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாளும் அப்படியே சுற்றிவரும். ஆனால் எலும்பு மஜ்ஜை தினமும் புதுத் தட்டணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தினமும் மாத்திரை போடுவது இவற்றுக்காகத்தான். இன்று அப்பாவின் உடம்பில் ஓடுபவை அநேகமாக எல்லாமே மருந்து படாத புதுசு.

அப்பாவுக்குப் பாதித்திருப்பது, பெரிய தமனியிலிருந்து நேராக மூளையின் ஆழத்துக்குள் இறங்கும் நுண்குழாயாக இருக்கலாம். விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அது அடைத்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போக மாற்றுவழி இல்லை. பல வருட பி.பி.யில் அதன் சுவர் தடித்து, வழி குறுகிப்போகிறது. அந்த இடுக்கில் தட்டணுக்கள் கொஞ்சம் திரண்டாலே போதும். பெரிய குழாய் சுத்தம் என்ற ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. பெரிய குழாயிலிருந்த கட்டியை வெளியே எடுத்த பிறகும், தட்டணுவும் வெள்ளணுவும் நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு, திசுவுக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராத நோயாளிகள் உண்டு.

தம்பியின் யோசனை அக்கறையில் வந்தது, ஆனால் வேண்டாம். சிறு பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில வாரங்களில்தான் அடுத்தது வரும் ஆபத்து அதிகம். அந்த நாட்களுக்குத்தான் இரண்டு மாத்திரை. இதே நுண்குழாய்ப் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் இரண்டையும் நீண்டகாலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அடுத்த பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. ரத்தக்கசிவும் மரணமும்தான் கூடின. உங்கள் டாக்டர் 21 நாளில் ஒன்றை நிறுத்தியது சரிதான்.

சுவர் கெட்டதற்கு ஆஸ்பிரின் மருந்தில்லை. அதற்கு பி.பி.தான் இறங்க வேண்டும். மேல் அளவு 130-க்குக் கீழே இருப்பது பலருக்கும் இலக்கு. அப்பாவுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்கி, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். சர்க்கரை, கொழுப்பு அளவையும் பாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு விட வேண்டும்.

வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஆஸ்பிரினைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கசிவா அடைப்பா என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது. அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.