காய்ச்சல் இல்லாமல் ஒரு காய்ச்சல் நாள்

"உங்களிடம் இருக்கும் விசித்திரமான பழக்கம் எது, யாரிடமும் சொல்லாத ஆசை எது, மனசு சரியில்லாத நாளில் தேடிப்போகும் வீட்டுச் சாப்பாடு எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் தனித்தனியாக நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் மூன்றும் ஒரே அடுப்படியில் கிடப்பது தெரிந்தது. அதனால் கொஞ்சம் நீளும். அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: கேஸ் அடுப்பைப் போட்டோ எடுப்பேன், காய்ச்சல் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், கஞ்சி.

முதலில் பழக்கம். சில்லறைக் கிறுக்குத்தனங்கள் என்னிடம் நிறைய உண்டு. டிவி சத்தம் இரட்டைப்படை எண்ணில்தான் இருக்க வேண்டும். யாராவது 17இல் வைத்துவிட்டுப் போனால் எனக்குப் படமே ஓடாது, எழுந்து போய் 18 ஆக்குவேன். (16 ஆக்கலாமே என்று கேட்காதீர்கள். சத்தத்தைக் குறைத்தால் வீட்டில் வேறு சத்தம் கிளம்பும்.) மாடிப்படி ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ண மாட்டேன். குளியலறையில் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் முழுவதையும் படிப்பேன். சோடியம் லாரெத் சல்ஃபேட் என்பது எனக்கு ஏதோ தூரத்து உறவுக்காரர் பெயர் போல ஆகிவிட்டது. தட்டில் பிடித்த துண்டைக் கடைசி வாய்க்கு என்று ஒதுக்கி வைப்பேன். அது மகளுக்குத் தெரியும் என்பதால் பெரும்பாலும் அந்தக் கடைசி வாய் அவளுடையதாகிவிடும்.

இவையெல்லாம் யாருக்கும் இருக்கக்கூடியவை. என்னுடைய உண்மையான கிறுக்கு கேஸ் அடுப்பு.

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. காலையில் எல்லாம் முடித்து, கதவைப் பூட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, வண்டியில் சாவியைப் போடும் அந்த நொடியில் சரியாக அந்தக் கேள்வி வரும்: கேஸை அணைத்தேனா? அணைத்திருப்பேன். அணைக்காமல் வந்ததே இல்லை. ஆனால் "அணைத்திருப்பேன்" என்பது வேறு, "அணைத்தேன்" என்பது வேறு. திரும்ப மேலே போவேன் (34 படிகள்), பூட்டைத் திறப்பேன், மூன்று குமிழ்களும் படுத்துக் கிடப்பதைப் பார்ப்பேன், பூட்டிவிட்டு இறங்குவேன். சில நாட்களில் பாதிப் படியிலேயே, இப்போது பார்த்தது இன்றைக்குப் பார்த்ததா நேற்றுப் பார்த்ததா என்று ஒரு சந்தேகம் வரும்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். கிளம்புவதற்கு முன் அடுப்பை ஒரு போட்டோ எடுத்துவிடுவது. சந்தேகம் வந்தால் போனைப் பார்த்தால் போதும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குச் சுற்றுலாப் படங்களைக் காட்டுகிறேன் என்று மகள் என் போனை எடுக்கும்வரை. விரலால் தள்ளத் தள்ள அடுப்பு, அடுப்பு, அடுப்பு. ஒரே கோணம், ஒரே மூன்று குமிழ். ஓரிரண்டில் பால் பொங்கிய கறை மட்டும் கூடுதல். "அப்பா, இது என்ன கண்காட்சியா?" என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒன்று கிடைத்தது. 2003இல் மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வரைந்து சோதனை செய்திருக்கிறார்கள். ஒரு குழு அந்த அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இன்னொரு குழு நடுவில் விளக்குகளைச் சரிபார்க்கும். கடைசியில் இரண்டு குழுக்களிடமும் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப அடுப்பையே பார்த்தவர்களின் நினைவு தப்பாக இல்லை. ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன் மேல் அவர்களுக்கு நம்பிக்கையும் போய்விட்டது. அதாவது சந்தேகம் தீரப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். பார்க்கப் பார்க்கத்தான் சந்தேகம் வளர்கிறது. ஒரே காட்சி நூறு தடவை பதிந்தால் எது இன்றையது என்று மனசு பிரித்தறிவதில்லை. என் போட்டோக்கள் மாதிரியே.

படித்த பிறகு போட்டோவை நிறுத்திவிட்டு, குமிழைத் திருப்பும்போது அன்றைக்கே உரிய எதையாவது வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை, அணைத்தாச்சு." இது வேலை செய்கிறது. வண்டியருகே போனதும் நீலச் சட்டை நினைவுக்கு வரும், கூடவே அடுப்பும் வரும். முதல் நாள் இதைக் கேட்ட என் மனைவி உள்ளே இருந்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள். அடுப்பிடம் என்று சொல்ல முடியுமா? ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள்கூட ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லித்தான் தாண்டுவார்கள் என்று விளக்கினேன். "நீங்க ரயிலா ஓட்டறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி.

(ஒரு விஷயம். என்னுடையது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இதுவே ஒருவருக்குத் தினமும் மணிக்கணக்கில் நீண்டு, வீட்டைவிட்டே கிளம்ப முடியாமல் செய்தால் அதைக் கிறுக்கு என்று சிரித்துவிட்டு விடக்கூடாது. மருத்துவரிடம் போனால் சரிசெய்ய வழி இருக்கிறது.)

சரி, சாப்பாடு. கஞ்சி என்று சொன்னால் பாவம் பார்ப்பவர்கள் உண்டு. பிரியாணியில் ஆரம்பித்து எத்தனையோ இருக்க, நோயாளிச் சாப்பாட்டைப் போய்ச் சொல்கிறானே என்று. அவர்களுக்குக் கஞ்சி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியாது. 1563இல் கோவாவில் அச்சான தன் மருத்துவ நூலில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர், இங்கே நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசித் தண்ணீர் கொடுப்பதை எழுதி, அதன் பெயரையும் கேட்ட மாதிரியே குறித்து வைத்திருக்கிறார்: கஞ்சி. போர்ச்சுகல்காரர்கள் அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் உடம்பு முடியாதவர்களுக்குக் கொடுக்கும் கோழி அரிசி சூப்புக்கு இன்றைக்கும் பெயர் 'கான்ஜா'. ஆங்கிலத்தில் 'காஞ்சி' ஆனதும் நம் சொல்தான். ஜப்பானில் ஜனவரி 7ஆம் தேதி ஏழு கீரைகள் போட்டுக் கஞ்சி குடிப்பார்கள், புத்தாண்டு விருந்து தின்று களைத்த வயிற்றுக்கு ஓய்வாம். இதை முதலில் யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் செய்முறை. நொய்யரிசி அரை டம்ளர். வாணலியில் எண்ணெய் இல்லாமல் கை பொறுக்கும் சூட்டில் வறுக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது, வாசனை மட்டும் மாற வேண்டும். பாசிப்பருப்பு இரண்டு ஸ்பூன், பூண்டு ஆறேழு பல் முழுசாக, சீரகம் அரை ஸ்பூன், வெந்தயம் கால் ஸ்பூனுக்கும் கீழே. வெந்தயத்தில் கை தாராளமாகிவிட்டால் கஞ்சி கஷாயம் ஆகிவிடும், இதை மறக்காதீர்கள். தண்ணீர் நாலு டம்ளர். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. கஞ்சி நுரைத்து எழும்பி விசில் துவாரத்தை அடைத்துவிடும். ஐந்து விசில். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் நின்றுவிடும்; குக்கருக்குள் அழுத்தத்தால் 120 வரை ஏறும், அதனால்தான் அரிசி அவ்வளவு சீக்கிரம் குழைகிறது. குழைவது என்றால் வேறொன்றுமில்லை, அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்துத் துணுக்குகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்து வெளியே வழிவதுதான்.

திறந்ததும் மத்தால் கடையக் கூடாது, கரண்டியின் முதுகால் நாலு தடவை தேய்த்தால் போதும். பதம் எப்படி இருக்க வேண்டும் என்றால், கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி விழ வேண்டும், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு விழ வேண்டும். உப்பு கடைசியில். தொட்டுக்கொள்ள நெருப்பில் சுட்ட அப்பளம். எண்ணெயில் பொரித்தது வேண்டாம், அது வேறு சாப்பாடு.

கிண்ணத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால் மேலே மெல்லிசாக ஏடு கட்டும். ஸ்பூனை நேராகப் போடாமல் கிண்ணத்தின் ஓரமாகச் சுற்றி இழுத்தால் அந்த ஏடு மடிப்பு மடிப்பாக ஸ்பூனில் வந்து உட்காரும். ஓரத்தில் ஆறியிருக்கும், அடியில் சுடும். அந்த முதல் வாய்க்காகத்தான் மற்ற வாய்கள் எல்லாம். (கடைசி வாய்க்கு எதையும் ஒதுக்காமல் நான் சாப்பிடும் ஒரே பொருள் இதுதான்.) அடியில் வெந்து கிடக்கும் பூண்டு, நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தினாலே கரைந்துவிடும்.

இவ்வளவு சொன்னேனே, உண்மையைச் சொன்னால் நானே செய்து நானே குடிக்கும் கஞ்சி எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ருசியில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அது வெறும் சாப்பாடாக இருக்கும்.

சின்ன வயதில் கஞ்சி என்றால் காய்ச்சல். காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, தம்பி சண்டைக்கு வரக்கூடாது. அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு முன், தன் புறங்கையைக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பாள். உடனே அதே புறங்கையை என் நெற்றியில் வைப்பாள். கிண்ணத்தின் சூடு கையில் இருக்கும்போது என் சூடு எப்படித் தெரியும் என்று இப்போது யோசிக்கிறேன். "குறைஞ்சிருக்கு" என்பாள் ஒவ்வொரு தடவையும். குறைந்துதான் தெரிந்திருக்கும்.

இனி ஆசை. காய்ச்சல் இல்லாமல் ஒரு காய்ச்சல் நாள் வேண்டும். உடம்பு வலி வேண்டாம், மாத்திரைக் கசப்பு வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும். காலை பத்து மணிக்குப் போர்வைக்குள் கிடக்க வேண்டும். ஃபேன் 2இல் ஓட வேண்டும். (இரட்டைப்படை, கவனித்தீர்களா?) அடுப்படியில் இருந்து பாத்திரச் சத்தம் வர வேண்டும், அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக்கூடாது. குக்கர் விசில் அடித்தால் அது மூன்றா நாலா என்று எண்ணுவது வேறு யாருடைய வேலையாகவோ இருக்க வேண்டும். கேஸை அணைத்தார்களா என்பது எனக்குத் தெரியவே கூடாது.

இதை வெளியே சொல்ல வெட்கம். வளர்ந்த ஆள், நல்ல உடம்பு, என்னைப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஒரு நாள் லீவு போட்டுப் படுக்கலாம்தான். ஆனால் நானே போட்டுக்கொள்ளும் லீவில் மனசாட்சியும் கூடவே வந்து படுத்துக்கொள்கிறது. துணி காயப்போடலாமே என்கிறது.

போன வருடம் மழைக்காலத்தில் நிஜமாகவே காய்ச்சல் வந்தது, 101 டிகிரி. சரி, பாதி ஆசையாவது நிறைவேறும் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். மனைவி ரொட்டியும் பாக்கெட் சூப்பும் கொண்டுவந்தாள். கஞ்சி என்று முனகினேன். இந்த வீட்டில் கஞ்சி வைக்கத் தெரிந்த ஒரே ஆள் படுக்கையில் கிடப்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவள் வாசற்படியில் நின்று கேட்கக் கேட்க நான் படுத்தபடியே சொன்னேன். "நொய் எங்க இருக்கு?" "எவ்வளவு தண்ணி?" "வறுக்கணும்னா எவ்வளவு நேரம்?" மூன்றாவது கேள்வியில் எழுந்து போய் நானே வைத்தேன். அவள் தெர்மாமீட்டரோடு பக்கத்தில் நின்றாள். ஐந்து விசிலையும் நானே எண்ணினேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன், மாலையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன், அடுப்படியில் வறுக்கும் வாசனை வந்தது. எழப்போனேன். "அங்கேயே இருங்க" என்று குரல் வந்தது. விசில் அடித்தது. என்னை அறியாமல் எண்ணிவிட்டேன், ஆறு. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, ஏடு கட்டும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். "எப்படி இருக்கு?" என்றாள். "அருமை" என்றேன். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வெந்தயம் கூடிவிட்டது. நல்ல கசப்பு. இதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன், அவள் இந்தப் பக்கம் வருவதில்லை.