காவடியை விட்டால் விழிப்பு வந்துவிடுமா?

கேள்வி: டீச்சர், எனக்கு 24 வயது. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அப்பாவின் நேர்த்திக்கடனுக்காக ஆறு வருடம் பத்துமலை முருகன் கோயிலில் காவடி எடுத்தேன். இப்போது கைப்பேசியில் ஞானப் பேச்சுகள் கேட்கிறேன். சடங்கெல்லாம் வேஷம் என்று புரிந்துவிட்டது. இந்தத் தைப்பூசத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. எனக்கு வந்திருப்பது ஆன்மிக விழிப்புதானே?
- பெயர் வேண்டாம், பகாவ்

பதில்: தம்பி, காவடி எடுக்காதது தப்பில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன்.

எனக்கு 16 வயதானபோது எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த முனியாண்டி கோயிலை ரோட்டோரம் மாற்றச் சொன்னது நிர்வாகம். அப்பாதான் பூசாரி, காலையில் பால்வெட்டு, சாயங்காலம் விளக்கு. சாமியாக இருந்த கல்லை நான்கு பேர் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். அடியில் ஈர மண், இரண்டு மண்புழு. அவ்வளவுதான். செருப்போடு அந்தப் பக்கம் போனதற்கே அடி வாங்கியவள் நான். "அப்பா, சாமி இப்போ எங்கே?" என்று கேட்டேன். "கயிற்றை இறுக்கிப் பிடி, கல்லு உருளுது" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் எங்கேயும் கும்பிடவில்லை. எனக்குத்தான் விஷயம் தெரியும் என்று திரிந்தேன். விபூதி பூசியவரைக் கண்டால் சிரிப்பு வரும். சாமி போய்விட்டது, 'நான்' மட்டும் நன்றாகக் கொழுத்தது.

அதே 16 வயதில்தான், 1896இல், மதுரையில் வேங்கடராமன் என்ற பையனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. பிணம்போலப் படுத்துக்கொண்டு, உடம்பு செத்தால் நானும் செத்துவிடுவேனா என்று உள்ளே பார்த்தான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். ரமண மகரிஷி ஆனபின் தன்னைத் தேடி வந்தவர்களையும் 'நான் யார்' என்றே கேட்டுப் பார்க்கச் சொன்னார். ஆனால் பாருங்கள், 1922இல் இறந்த தாயாரின் சமாதிமேல் கட்டிய கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தபோது அவரும் கூடவே இருந்தார். அவருக்கு அதில் கூச்சமும் இல்லை, கோபமும் இல்லை.

நான் அந்தக் கேள்வியைப் பிடித்தது 40 வயதுக்கு மேல். ஒளி கிளி எதுவும் தெரியவில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போன அன்று வயிறு எரிந்தது. எரிவது யாருக்கு என்று கேட்டேன். எரிச்சல் போகவில்லை, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று எரியாமல் இருந்தது. அரை நிமிடம் இருக்கும். அப்புறம் பழையபடி எரிந்தது.

உங்களுக்கு வந்திருப்பது விழிப்பா, சலிப்பா என்று நான் சொல்ல முடியாது. அம்மா முகத்தைத் திருப்பும்போது சுருக்கென்று யாருக்குப் படுகிறது? அங்கே பாருங்கள். சடங்கு வேஷம் என்று பேசுவதும் அந்த 'நான்'தான். தைப்பூசத்துக்கு அம்மாவைக் காரில் கூட்டிப் போங்கள். காவடி வேண்டாம். 272 படியில் முட்டி வலிக்கும், கை கொடுங்கள். விபூதி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரிஷிகேஷுக்குப் போனால்தான் ஞானம் கிடைக்கும் என்று தோழி கூப்பிடுகிறாள். போகட்டுமா டீச்சர்?
- வாசகி, கோலப்பிலா

பதில்: அந்த ரிஷிகேஷில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர், 1913இல் மலாயாவுக்கு வந்து, நம் சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தவர். 1923இல்தான் ஊர் திரும்பினார். துறவு எண்ணம் இங்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோதே முளைத்ததுதான். காசு இருந்தால் போய் வாருங்கள், கங்கையைப் பார்க்கலாம். டிசம்பர் என்றால் கம்பளிச் சட்டை கட்டாயம். என் அண்ணி மெல்லிய பாத்தேக் கைலியோடு போய், மூன்று நாள் போர்வையைவிட்டு வெளியே வரவில்லை.