கஞ்சிக்கோடு ஆலைக்கு எந்த உமிழ்வுக் காரணி?

கேரளத்தின் கஞ்சிக்கோட்டிலும் தமிழ்நாட்டின் கோவையிலும் ஆலை இருந்தால், மின்சாரத்துக்கு வெவ்வேறு உமிழ்வுக் காரணி (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்ற எண்) போடலாமா? கூடாது. கஞ்சிக்கோடு ஆலைக்குக் 'கேரள நீர்மின்சாரம்' என்று குறைந்த காரணியும், வாளையாறு தாண்டிய கோவை ஆலைக்கு வேறொன்றும் போடாதீர்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில் (நிறுவனத்தின் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) ஸ்கோப் 2 கணக்குக்கு, அதாவது வாங்கும் மின்சாரத்தால் வரும் உமிழ்வுக்கு, இரண்டு ஆலைகளுக்கும் மத்திய மின்சார ஆணையத்தின் அகில இந்தியக் காரணியையே எடுங்கள். யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 2013 டிசம்பர் 31 அன்றே தென்மண்டல மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டது; இரண்டு ஆலைகளுக்கும் வருவது ஒரே தொகுப்பின் மின்சாரம். இடுக்கி அணை இருந்தாலும், கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது.

காரணியை மாற்றிய பிறகும் தணிக்கையாளரின் எண்ணோடு ஒத்துவரவில்லை என்றால், டீசல் ஜெனரேட்டர் யூனிட்டுகள் உள்ளே கலந்திருக்கக்கூடும். அவை ஸ்கோப் 1, அதாவது ஆலையிலேயே எரியும் எரிபொருளின் உமிழ்வு. லிட்டர் கணக்கில் தனியே வரவேண்டியவை.

சரிபார்க்க ஒரு வழி: ஆலையின் மொத்த மீட்டரை விட்டுவிட்டு, பன்னிரண்டு மாத மின்வாரிய பில்களை எடுத்துவையுங்கள். உயரழுத்த பில்லில் பகல், உச்சநேரம், இரவு என யூனிட் மூன்று வரிகளில் இருக்கும். மூன்றையும் கூட்டுங்கள். அவசரத்தில் முதல் வரியை மட்டும் எடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

கூரைச் சூரிய மின்சாரத்தை நீங்களே பயன்படுத்தினால் அது இந்தக் கூட்டலில் வராது. ஆற்றல் நுகர்வு அட்டவணையில் புதுப்பிக்கத்தக்கதாகக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சென்ற ஆண்டு அறிக்கையில் குறைந்த காரணி போட்டிருந்தால் அந்த எண்ணையும் திருத்தி, காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு உமிழ்வு திடீரென்று கூடியதாகத் தெரியும். படிப்பவர்களுக்கு உண்மை நிலவரம் போய்ச்சேர வேண்டும்.