கமாண்ட் லைனில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புத் திரையில்) வேலை நேரத்தைக் குறித்து வைக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்? அந்தப் பழக்கம் நிலைக்குமா?

நிலைக்கும். நான் மூன்று வருடமாக டைம்வாரியர் பயன்படுத்துகிறேன். செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் டாஸ்க்வாரியரை எழுதிய அதே குழுவின் இலவச மென்பொருள்தான். உபுண்டு லினக்ஸில் 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளை போட்டாலே வந்துவிடும்.

இதன் கட்டளைப் பெயர் 'டைம்டபிள்யூ'. வேலையைத் தொடங்கும்போது 'டைம்டபிள்யூ ஸ்டார்ட் கோடிங்' என்று அடிக்கிறேன். போன் வந்தால் 'டைம்டபிள்யூ ஸ்டார்ட் போன்'. முந்தையது தானாகவே முடிந்துவிடும். எழுந்து போகும்போது 'ஸ்டாப்'. வாரக் கடைசியில் 'சம்மரி :வீக்' போட்டால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இந்தப் பழக்கத்தைப் பலரும் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடக் காரணம் மறதிதான். நானும் முன்பு இரண்டு செயலிகளை அப்படித்தான் கைவிட்டேன். டைம்வாரியரில் எனக்குப் பிடித்ததே, மறந்ததைப் பிறகு சரிசெய்ய அது தாராளமாக இடம் கொடுப்பதுதான். நிறுத்தாமல் சாப்பிடப் போய்விட்டீர்களா? திரும்பி வந்து 'ஸ்டாப் 13:10' என்று அடித்தால் போதும், 1:10-க்கே முடிந்ததாகப் பதிவாகும். காலையில் தொடங்க மறந்திருந்தால் 'ஸ்டார்ட் 9:40 கோடிங்'. முழு வேலையையுமே குறிக்க மறந்திருந்தால் 'ட்ராக்' என்று போட்டு இரண்டு நேரத்தையும் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலை விழுந்தால் ஏற்காது, ':அட்ஜஸ்ட்' சேர்த்தால் அதுவே வெட்டி ஒட்டிக்கொள்ளும். தப்பாக அடித்துவிட்டால் 'அண்டூ' இருக்கிறது.

அப்புறம், எந்த வேலை ஓடுகிறது என்பதை என் ப்ராம்ப்டிலேயே (கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில்) தெரியவைத்திருக்கிறேன். 'டைம்டபிள்யூ கெட் டாம்.ஆக்டிவ்' என்று கேட்டால், ஓடினால் 1, இல்லாவிட்டால் 0 என்று பதில் வரும். அதை வைத்து, கமாண்ட் லைனுக்கான பாஷ் அமைப்புக் கோப்பில் நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு மறப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பதிவுகள் மாதத்துக்கு ஒரு கோப்பாக, வெறும் எழுத்தாகவே இருக்கும். முதல் தடவை திறந்து பார்த்தபோது பதறிவிட்டேன். காலை 9:30-க்குத் தொடங்கிய வேலை 040000 என்று கிடந்தது. கடைசியில் இருந்த இஸட் எழுத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அது யூடிசி எனும் உலகப் பொது நேரம், நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். திரையில் காட்டும்போது நம் நேரமாகவே காட்டும், கவலை வேண்டாம்.

இதனால் எனக்குக் கிடைத்தது என்ன? நான் வீட்டிலிருந்து ஒப்பந்த வேலை செய்பவன். ஒரு வாடிக்கையாளருக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசி முடித்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் கோடிங் 41 மணி நேரம், 'சின்னத் திருத்தம்தான் சார்' என்று வந்தவையும் அதற்கான போன் பேச்சும் 26 மணி நேரம். அந்த 26-க்கு நான் ஒரு ரூபாய்கூடக் கேட்டிருக்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் திருத்தங்களுக்குத் தனியாக மணிக்கணக்கில் கட்டணம் எழுதினேன். சம்மரியைக் காட்டினேன், அவரும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதல் மாதம் மூன்று டேக் (வேலைக்கு வைக்கும் அடையாளப் பெயர்) போதும்: கோடிங், போன், திருத்தம். நான் ஆரம்பத்தில் இருபது வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று யோசிப்பதிலேயே நேரத்தை விட்டேன்.