வாழ்நாள் முழுக்கப் பொதுத்தொண்டு செய்தவர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர் யார், ஏன்?

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். நாகை மாவட்டத்துக் கீழ்வேளூர் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வேறு பெயர் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசிக் கேட்டதில்லை. ‘அம்மா’ என்றால் அவர், ‘ஐயா’ என்றால் அவர் கணவர் ஜெகந்நாதன்.

அம்மா 1926-ல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து அய்யங்கோட்டையில், கையளவு நிலம்கூட இல்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் சீக்கிரமே போய்விட, தாயார் கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். காந்திகிராமத்தை உருவாக்கிய சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்துப் பட்டதாரி ஆனார். ஐயா வசதியான வீட்டுப் பிள்ளை, வேறு சாதி. சுதந்திரம் வந்த பிறகுதான் கல்யாணம் என்று இருந்து, 1950-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். அடுத்து, நிலம் உள்ளவர்களிடம் இல்லாதவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான இயக்கம், ஊர் ஊராக நடை. தானமாக வந்த நிலத்தில் கணிசமானது கட்டாந்தரை, பாறை, வழக்கில் கிடந்தது. அந்தப் பாடம் பின்னால் உதவியது.

1968 டிசம்பர் 25 இரவு எங்கள் பக்கத்துக் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, நிலக்கிழார்களும் அவர்களின் ஆட்களும் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் வளர்ந்த பகை அது. கம்யூனிஸ்டுகளின் செங்கொடி விவசாயத் தொழிலாளர் சங்கம் அதற்கு முன்பே எங்கள் மக்களை நிமிர வைத்திருந்தது, அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. செய்தி கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள், அழுதார்கள், பேசினார்கள், போனார்கள். அம்மாவும் ஐயாவும் வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை தொடங்குகிற இடம் இதுதான்.

முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் போராட்டம், சத்தியாகிரகம், சிறை. 1981-ல் ‘லாஃப்டி’ தொடங்கினார்கள், உழுபவர்க்கே நிலம் என்பதற்கான அமைப்பு. அதன் வேலை முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் எழுதும்போது பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிலத்தை விற்க விரும்பும் மிராசுதாரரிடம் போய் உட்கார்ந்து விலை பேசுவார்கள். வங்கிக் கடனுக்கு அலைவார்கள். கிரயம் முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், எங்கள் கணக்கில் மூன்று மா. பத்திரம் வீட்டுப் பெண் பேரில். ஆண் பேரில் இருந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், எங்கள் பெண்களுக்கும் தெரியும். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் கைமாறியது. வேண்டாத பேச்சு கேட்டு, வில்லங்கம் பார்த்து, சர்வே நம்பர் சரிபார்த்து, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் கைநாட்டு வைக்க வந்த பெண்களோடு காத்துக் கிடந்து நடந்த காரியம். கூட்டம் போட்டுப் பேசுவதைவிட இது நூறு மடங்கு கஷ்டம். ஐம்பத்தைந்து வயதில் அதை ஆரம்பித்தார் அம்மா.

என் பெரியம்மாவுக்கும் மூன்று மா கிடைத்தது. அதுவரை விடியுமுன் பண்ணையின் வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஓட வேண்டும். பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருப்பார். முதல் குறுவையைப் பற்றிக் கேட்டால் விளைச்சல் எவ்வளவு என்று சொல்ல மாட்டார். “அன்னிக்கு எனக்குன்னு நாத்துப் பறிச்சேன், தம்பி” என்பார். மகசூல் என்னவோ சுமார்தான், கடைமடைத் தண்ணீர் அப்படி. ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பண்ணைக்கு ஆள் போகவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. நெல் வயலை வெட்டிக் குளமாக்கி உப்புத் தண்ணீரை நிறுத்தினால் பக்கத்து வயல் என்ன ஆகும்? குடிக்கிற கிணறும் உப்பாகிப் போனது. கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த நிலம் கண்ணெதிரே பாழாவதைப் பார்த்து மறுபடி போராட்டம். ஐயா உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது கடலை ஒட்டிக் கட்டுப்பாடு உள்ள பகுதிக்குள், இருந்த பண்ணைகளை, பாரம்பரிய முறைகள் தவிர, அகற்றச் சொன்னது. அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

2008-ல் இருவருக்கும் சேர்த்து ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஐயா 2013-ல் காலமானார். அம்மாவுக்கு 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதைப் படிக்கும் நாகை, திருவாரூர்ப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அன்று பத்திரம் வாங்கிய பெண்கள் பலர் இன்று எழுபது, எண்பதில் இருக்கிறார்கள். உங்கள் அத்தை, பெரியம்மா, ஆயா யாராவது அதில் இருந்தால் போனை எடுத்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எந்தப் பண்ணை நிலம், என்ன விலை, கடனை எப்படி அடைத்தார்கள், யார் மிரட்டினார்கள், யார் துணை நின்றார்கள், எல்லாம் கேளுங்கள். அந்தப் பத்திரத்தையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் மாறாமல் கிடந்தால் இப்போதே மனு கொடுங்கள்.